கடைமடைத் துறைமுகம்

(நாகப்பட்டினத்தில் வணிகர்களும் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, தேசத்தின் பொருளாதாரக் கொள்கையும் துறைமுக நெரிசலும். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "நாகப்பட்டினத்துக்குப் போயா நெரிசலைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்? அங்கே சரக்குக் கப்பலைப் பார்த்தே எத்தனை காலமாச்சு!" என்று சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் நெரிசலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பதுதான் என் கட்சி.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் கரை உடைத்துக்கொண்டு ஓடுகிற அதே வாரத்தில் கடைமடையில் நாற்று காய்வதைப் பார்த்தவர்கள் நீங்கள். இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான்: மதகை யார், எப்போது, எவ்வளவு திறந்தார் என்பது. துறைமுகங்களும் அப்படித்தான். ஒரு துறைமுகத்தில் கப்பல் வரிசைகட்டி நிற்பதும், இன்னொரு துறைமுகம் வெறிச்சோடிக் கிடப்பதும் பெரும்பாலும் கடலால் வருவதில்லை, கையெழுத்தால் வருகிறது. நாகை ஆற்றுப் பாசனத்துக்கு மட்டும் கடைமடை அல்ல, வர்த்தகக் கொள்கைக்கும் கடைமடை. இன்று இதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்துக் கப்பல் கணக்கு

நெரிசல் என்றால் சரக்கு அதிகமாகிவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்க ஒரே ஒரு தளம் இருக்கிறது. ஒரு கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க மூன்று நாள் ஆகிறது. மாதத்துக்குப் பத்துக் கப்பல். மூன்று நாளைக்கு ஒன்றாக வந்தால் ஒரு கப்பலும் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பத்துக் கப்பலும் முதல் தேதியன்றே வந்து நின்றால், பத்தாவது கப்பல் 27 நாள் கடலில் நங்கூரம் போட்டுக் கிடக்கும். தளம் அதே தளம், கிரேன் அதே கிரேன், சரக்கின் அளவும் அதேதான். மாறியது வந்து சேர்ந்த நேரம் மட்டும்.

கப்பல் சும்மா நின்றால் சும்மா போகாது. ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அதை வாங்குபவர் தலையில் விற்பவரும், விற்பவர் தலையில் வாங்குபவரும் கட்டப் பார்ப்பார்கள். கடைசியில் அது கொள்முதல் விலையில் ஒரு கழிவாக விளைவித்தவன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

சரி, பத்துக் கப்பலையும் ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்துவது எது? புயல் நிறுத்தலாம், வேலைநிறுத்தம் நிறுத்தலாம். ஆனால் அடிக்கடி நிறுத்துவது ஒரு தேதி. 'இன்ன தேதி முதல் வரி கூடும்', 'இன்ன தேதி முதல் ஏற்றுமதிக்குத் தடை' என்ற தேதி. தேதி முன்கூட்டித் தெரிந்தால் எல்லோரும் அதற்குள் முண்டியடிக்கிறார்கள். தெரியாமல் வந்தால் வழியில் இருந்த சரக்கெல்லாம் இருந்த இடத்திலேயே உறைகிறது. முதலாவதில் கப்பல் நெரிகிறது. இரண்டாவதில் லாரியும் கிடங்கும் நெரிகின்றன.

பாமாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சா பாமாயிலுக்கு எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி, 2024 செப்டம்பர் 14 முதல் 27.5 சதவீதமானது. 2025 மே கடைசியில் அது 16.5 சதவீதமாக இறங்கியது. எட்டரை மாதத்தில் ஏறி இறங்கிய இந்த வரியைச் சரக்கு எப்போது சந்திக்கிறது? இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ கப்பல் கிளம்பிய தேதியில் அல்ல. இங்கே சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரம் தாக்கலான தேதியும் கப்பல் உள்ளே வந்த தேதியும்தான் கணக்கு. ஆகவே வரி ஏறப் போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே கப்பல்கள் ஓடி வரும். இறங்கப் போகிறது என்றால் எண்ணெயை, வரி கட்டாமல் வைத்திருக்க இடம் தரும் பாண்டட் கிடங்கில் வைத்துக்கொண்டு வியாபாரி காத்திருப்பார். தொட்டி காலியாகாமல் அடுத்த கப்பல் வெளியே நிற்கும். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்னானாம் என்று நம் பக்கத்தில் கேலி செய்வோம். துறைமுகத்தில் அது கேலி இல்லை. வழி திறந்திருக்கிறதா என்று கேட்டால் விலையையும் வரியையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பன்னிரண்டாம் தேதியும் பதின்மூன்றாம் தேதியும்

2022 மே மாதம். உக்ரைன் போரால் உலகில் கோதுமைக்குத் தட்டுப்பாடு. இந்தியா அந்த ஆண்டு ஒரு கோடி டன் கோதுமை ஏற்றுமதி செய்ய இலக்கு வைத்திருந்தது. மே 12-ஆம் தேதி, கோதுமைக்குச் சந்தை தேடி ஒன்பது நாடுகளுக்கு வர்த்தகக் குழுக்களை அனுப்பப் போவதாக மத்திய அரசு அறிவித்தது. மே 13-ஆம் தேதி இரவு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்து அறிவிக்கை வந்தது.

ஏற்றுமதிப் பேச்சை நம்பி மத்தியப் பிரதேசத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் கோதுமை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரிகள் குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான லாரிகள் துறைமுகத்துக்கு வெளியே சாலையோரம் நின்றன. பாதி நிரம்பிய கப்பல்கள் தளத்தை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாள் கணக்கில் கிடந்தார்கள். மே 13-க்குள் சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்கும் போகலாம் என்று நான்கு நாள் கழித்து விளக்கம் வந்தது. அந்த விளக்கம் முதல் அறிவிக்கையிலேயே இருந்திருந்தால் நெரிசலில் ஒரு பகுதியாவது தவிர்ந்திருக்கும்.

நான்கு மாதத்தில் அடுத்த அடி அரிசிக்கு. 2022 செப்டம்பர் 9 முதல் நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தடை. பச்சரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. பேசி முடித்த விலைக்கு மேல் 20 சதவீதம் தர வாங்குபவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆந்திரத்தின் காக்கிநாடா போன்ற அரிசித் துறைமுகங்களில் ஏற்றும் வேலை நின்றது. சுமார் பத்து லட்சம் டன் அரிசி துறைமுகங்களில் முடங்கியதாக ஏற்றுமதியாளர்கள் அப்போது சொன்னார்கள்.

பத்து மாதம் கழித்து, 2023 ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு முழுத் தடை. மாணவர்கள் இந்த அறிவிக்கையை எடுத்துப் படிக்க வேண்டும். எந்தச் சரக்குக்கு விலக்கு என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. ஒன்று, அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு, ஷிப்பிங் பில் தாக்கலாகி, கப்பல் தளத்துக்கு வந்திருக்க வேண்டும். அல்லது நம் துறைமுகத்தில் நங்கூரமிட்டு வரிசை எண் வாங்கியிருக்க வேண்டும். மூன்று, சரக்கு சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு அவர்கள் கணினியில் பதிவாகியிருக்க வேண்டும். 2022-இல் கற்ற பாடம் இந்த மூன்று வரியில் தெரிகிறது. ஆனால் விடுபட்டவரையும் பாருங்கள். ஆலையில் அரைத்து மூட்டை தைத்து வைத்திருப்பவர், ரயில் வேகனில் ஏற்றிவிட்டவர், வெளிநாட்டு வங்கியிடமிருந்து லெட்டர் ஆஃப் கிரெடிட் என்ற பண உறுதிக் கடிதம் வாங்கிக் கையில் வைத்திருப்பவர், இவர்களில் ஒருவருக்கும் விலக்கு இல்லை. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து சுங்கக் கணினியில் பதிவாகும் நாள் வரை வியாபாரி முழுக்க முழுக்கத் தன் சொந்தப் பொறுப்பில் நடக்கிறார். அதனால் அடுத்த முறை வதந்தி கேட்டதும் என்ன செய்வார்? அரிசி தயாரோ இல்லையோ, முதலில் சுங்கத்தில் பதிவு செய்ய ஓடுவார். விலக்கு எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வாசலில்தான் கூட்டம் கூடும்.

உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. அதனால் நம் மதகு அடைபட்டதும் ஆசியச் சந்தைகளில் அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. அமெரிக்காவில் நம்மவர் இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு முண்டியடித்தார்கள். சிங்கப்பூர் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நாட்டுக்கு 50,000 டன் அனுமதிக்கப்பட்டது. தடை 2024 செப்டம்பர் கடைசியில்தான் நீங்கியது. நொய்யரிசிக்கு 2025 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நொய்யின் கதை

நொய் என்றதும் தஞ்சை ஜில்லாவின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1930-களில் உலகப் பொருளாதார மந்தம். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவான அரிசி சென்னை மாகாணத்துத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. தஞ்சை நெல் விலை சரிந்தது. மிராசுதார்கள் வரி கட்ட முடியாமல் திணறினார்கள். குத்தகைதாரர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. பர்மா அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்தது, 1937-இல்தான் பிரிந்தது. அதனால் ரங்கூன் அரிசிக்கு வரி போட வழியில்லை. பலத்த கோரிக்கைக்குப் பிறகு 1935-இல் வெளிநாட்டு நொய்யரிசிக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது.

1935-இல் உள்ளே வரும் நொய்யைத் தடுத்தார்கள், விளைவிப்பவர் கேட்டார். 2022-இல் வெளியே போகும் நொய்யைத் தடுத்தார்கள். உள்நாட்டில் கோழித் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் நொய் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். இரண்டு முடிவிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் தஞ்சையில் விளைவித்தவன் இரண்டு முறையும் மதகுக்குக் கீழேதான் நின்றான். மேலே நின்று திறப்பவர்கள் வேறு யாரோ.

பிற தேசத்துத் துறைமுகங்கள்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதால் நைஜீரியாவுக்குப் பணம் கொட்டியது. சாலைகளும் முகாம்களும் கட்ட அந்நாட்டு ராணுவ அரசு ஏறத்தாழ இரண்டு கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் போட்டது.  லாகோஸ் துறைமுகத்தால் அதில் சிறு பங்கைத்தான் ஓராண்டில் இறக்க முடியும். 1975-இல் நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் லாகோஸுக்கு வெளியே காத்து நின்றன. பல மாதம் கிடந்ததில் கப்பல் வயிற்றிலேயே சிமெண்ட் இறுகியது. டெமரேஜ் நிச்சயம் என்று தெரிந்ததும் பழைய ஓட்டைக் கப்பல்கள்கூட வரிசையில் வந்து சேர்ந்துகொண்டன.

2021-இல் அமெரிக்கா. கோவிட் காலத்தில் மக்களுக்கு அரசு பணம் கொடுத்தது. வெளியே போய்ச் செலவழிக்க வழியில்லாததால் அந்தப் பணம் பொருள்களாக மாறியது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களை நோக்கி வந்த கன்டெய்னர் கப்பல்களில் 2022 ஜனவரியில் நூறுக்கு மேல் காத்திருந்தன. நிவாரணம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் துறைமுகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு யாரும் அதைத் திட்டமிடவில்லை.

நமக்கு எதிர்க்கரையில் கொழும்பு. 2022 தொடக்கத்தில் அங்கே நெரிசல் வேறு வகை. கப்பல் வந்துவிட்டது, பருப்பும் சர்க்கரையும் இறங்கிவிட்டன. ஆனால் பணம் கட்டி வெளியே எடுக்க டாலர் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்டெய்னர்கள் யார்டில் தேங்கின. முந்திய ஆண்டு ரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததில் நெல் விளைச்சல் விழுந்து, அரிசிக்கும் வெளியே கையேந்த வேண்டிய நிலை. உரக் கொள்கை, அந்நியச் செலாவணிக் கொள்கை, துறைமுக யார்டு மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. 2025 ஜனவரியில் அதே கொழும்பில் தேக்கத்தைக் குறைக்க 323 கன்டெய்னர்களைச் சோதனையில்லாமல் விடுவித்தார்கள். அது பெரிய அரசியல் சர்ச்சையானது. நெரிசலைத் தீர்க்க அவசரத்தில் எடுக்கும் நடவடிக்கை இன்னொரு தலைவலியைக் கொண்டுவரும் என்பதற்கு அது சாட்சி.

அந்த 2022 நெருக்கடியில் தமிழ்நாடு இலங்கைக்கு அரிசி அனுப்பியது நினைவிருக்கும். அதற்கும் முதலில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு மத்திய அரசின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு வர்த்தகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மே 18 அன்று 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அடுத்தது தூத்துக்குடியிலிருந்து போனது. இரண்டுக்கும் நடுவில், இலங்கையின் காங்கேசன்துறைக்கு எதிரே, நெல் விளையும் டெல்டாவின் வாசலில் இருக்கிறது நாகை. இங்கிருந்து போகவில்லை. ஏன்?

நாகை ஏன் காலியானது

இயற்கை சரியில்லை என்று ஒரு பதில் சொல்வார்கள். இங்கே கப்பல் கரைக்கு வராது, வெளியே நங்கூரமிடும். சரக்கு படகில்தான் போய் வர வேண்டும். கடுவையாற்று முகத்துவாரம் மணல் மேடிடும். எல்லாம் உண்மை. ஆனால் இதே முகத்துவாரத்தோடும் இதே மணலோடும்தான் நாகை ஆயிரம் ஆண்டு வணிகம் செய்தது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாய் எழுதிவைக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அயல்நாட்டு வணிகர் வந்து தங்க வேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்து, நெல் வருவாயை அதற்கு ஒதுக்கிய கணக்கு அது. அதுவும் பொருளாதாரக் கொள்கைதான்.

டச்சுக்காரர்கள் 1658-இல் நாகையைப் பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860-களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடியது. தென்னகத்தின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று இந்தத் துறைமுகத்தை நம்பிப் போடப்பட்டது.

பிறகு ஒவ்வொன்றாக நழுவியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போட் மெயில் ஓடியபோது கொழும்புப் பயணிகள் அந்தப் பக்கம் போனார்கள். ரயில்வே பணிமனை 1928 வாக்கில் பொன்மலைக்குப் போனது. அந்த ஆண்டின் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இந்த இடமாற்றத்தால் வந்த ஆள்குறைப்பும் இருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போன கப்பல் போக்குவரத்து, 1938-இல் இந்திய அரசு உதவிக் குடிபெயர்வைத் தடை செய்ததோடு தளர்ந்தது. அந்தத் தடை மனிதர்களைக் காத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சுதந்திரத்துக்குப் பிறகும் ரஜூலா என்ற பயணிகள் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 1973-இல் அது நின்றது. அதற்கு அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு அந்தத் தடத்தில் பயணிகள் கப்பலே இல்லை. பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டு, வெளியே நிற்கும் கப்பலைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார்களை அறிந்தவர்கள் இந்த அவையில் இன்னும் இருப்பீர்கள்.

இதன் நடுவே அரசியல் சட்டம் துறைமுகங்களை இரண்டாகப் பிரித்தது. பெரிய துறைமுகம் மத்தியப் பட்டியல். மற்றவை பொதுப் பட்டியல், நடைமுறையில் மாநிலத்தின் பொறுப்பு. தூத்துக்குடி 1974-இல் பெரிய துறைமுகமானது. ஆழப்படுத்தும் பணமும் ரயில் பாதையும் சரக்குக் கிடங்கும் அந்தப் பெயரைத் தொடர்ந்து போகும். நாகை தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் சிறு துறைமுகமாக நின்றது. பாமாயில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. பனங்குடி சுத்திகரிப்பு ஆலைக்காக எண்ணெய் இறங்குதளம் வந்தது. பொதுச் சரக்கு வரவில்லை.

நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி அரசின் எல்லைக்குள், 2009-இல் காரைக்கால் தனியார் துறைமுகம் திறந்தது. அதே கடல், அதே மணல். முதலீடும் ஒப்பந்தமும் வேறு, ஆழமும் வேறு. கடனில் மூழ்கிய அந்தத் துறைமுகம் 2023-இல் திவால் நடைமுறை வழியாக அதானி குழுமத்துக்கு 1,485 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. அங்கே இறங்கும் நிலக்கரி நாகூர், நாகை, திருவாரூர், தஞ்சை வழியாக ரயிலில் போகிறது. கரித்தூசு வீட்டுக்குள் படிகிறது என்று நாகூர் மக்கள் பல முறை போராடியிருக்கிறார்கள். துறைமுக வருமானம் எல்லைக்கு அந்தப் பக்கம், தூசு இந்தப் பக்கம். 2022 கோடையில் மின் நிலையங்கள் வெளிநாட்டு நிலக்கரியை 10 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய மின்துறை சொன்னது. நிலக்கரி ரயில்களுக்கு வழிவிட நாட்டின் பல பகுதிகளில் பயணிகள் ரயில்களை நிறுத்தினார்கள். மின்சாரக் கொள்கையில் எழுதிய ஒரு சதவீதக் கணக்கு ரயில் நிலைய நடைமேடை வரை வந்து சேர்ந்த விதம் இது.

நாகையில் இப்போது நடமாட்டம் தெரிவது காங்கேசன்துறைக் கப்பலால். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி ஒரு வாரம்கூட ஓடாமல் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறையைச் சீரமைக்க இந்தியா 6.15 கோடி டாலர் மானியம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கரையில் இறங்குதளம் தயாராகும்போது இந்தக் கரையில் நாம் அனுப்ப என்ன வைத்திருக்கிறோம்? பயணிகளோடு பெட்டி படுக்கை போகிறது. வெங்காயமும் கைலியும் வணிகச் சரக்காகப் போக வேண்டுமானால் சுங்க ஏற்பாடு வேண்டும், தாவரச் சோதனை வேண்டும், குளிர்கிடங்கு வேண்டும். மணலை வாரினால் மட்டும் துறைமுகம் ஆகிவிடாது.

கொள்முதல் நிலைய வாசலில்

நெரிசல் நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். குறுவை அறுவடை நல்ல விளைச்சல். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்தது. உள்ளே இடமில்லை. எடை போட்டு வாங்கிய சிப்பங்கள் நகரவில்லை. நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லைத் தூற்ற முடியும். லாரி இல்லை, சாக்கு இல்லை, கிடங்கில் இடமில்லை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு பதில். சாலையில் கொட்டி வைத்த நெல்லின் மேல் மழை பெய்தது. தார்ப்பாயை விலக்கினால் அடியில் முளைவிட்டிருந்தது.

17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் வாங்கக் கூடாது என்பது மத்திய விதி. 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் சென்றது. செறிவூட்டப்பட்ட அரிசி கலப்பதற்கான அனுமதி தாமதமானதால் ஆலைகளுக்கு நெல்லை அனுப்ப முடியவில்லை என்று மாநில அரசு சொன்னது. முன்கூட்டியே தயாராகவில்லை என்று மாநில அரசை எதிர்க்கட்சிகள் சாடின. யார் மீது எவ்வளவு தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கண்ட்லா சாலையோரம் நின்ற கோதுமை லாரிக்கும் திருவாரூர்ச் சாலையோரம் கிடந்த நெல்லுக்கும் ஒரே நோய் என்பதைக் காட்டவே சொல்கிறேன். விளைச்சல் எப்போது வரும் என்பது ஜூன் மாதம் மேட்டூர் திறந்தபோதே தெரியும். தளம், வண்டி, விதி மூன்றும் ஒரே நாளில் தயாராகவில்லை. அவ்வளவுதான்.

அரசின் பக்கமும் உண்டு

தடையே கூடாது, வரியே கூடாது என்று நான் வாதிடவில்லை. ரேஷன் அரிசியை நம்பி வாழும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாடு இது. மழை பொய்த்த ஆண்டில் அரிசியை வெளியே விட்டுவிட்டு உள்ளே விலை ஏறுவதை வேடிக்கை பார்க்க எந்த அரசாலும் முடியாது. 'தடையை முன்கூட்டிச் சொன்னால் பதுக்குபவனும் அவசர ஏற்றுமதிக்காரனும் முந்திக்கொள்வான். அதனால்தான் இரவோடு இரவாக அறிவிக்கிறோம்' என்று அதிகாரிகள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

ஆனால் திடீர் அறிவிப்பு வேறு, வழியில் இருப்பவனை வழியிலேயே விடுவது வேறு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது. நம் மாவட்டத்து இறால் பண்ணைக்காரர்கள் வயிற்றில் அடித்த வரி அது. அந்த உத்தரவில்கூட, ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறி செப்டம்பர் 17-க்கு முன் அங்கே போய்ச் சேரும் சரக்குக்குக் கூடுதல் வரி இல்லை என்று எழுதியிருந்தது. நம்மைத் தண்டிக்கப் போட்ட வரியிலேயே வழியில் இருந்த சரக்குக்கு இரக்கம் காட்டினார்கள். நம் அரசு நம் சரக்குக்கு அதைவிடக் குறைவாகக் காட்டலாமா?

எதைக் கேட்பது

மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன்.

முதலாவது, வேளாண் பொருள் ஏற்றுமதிக்குத் தடையோ வரியோ வரும்போது, அறிவிக்கைக்கு முன் பணமோ லெட்டர் ஆஃப் கிரெடிட்டோ உறுதியான ஒப்பந்தங்களுக்கு அளவு வரம்போடு விலக்கு நிரந்தர விதியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கெஞ்சி வாங்கும் சலுகையாக இருக்கக் கூடாது. அந்த உறுதி இருந்தால் வதந்திக்கு ஓடுபவர்கள் குறைவார்கள், துறைமுக வாசலில் கூட்டமும் குறையும்.

இரண்டாவது, முழுத் தடைக்கு முன் படிப்படியான வரி. முறைப்பாசனத்தில் எல்லா மதகையும் ஒரே நாளில் அடைப்பதில்லை. எந்த விலையில் எவ்வளவு வரி என்பதை விளைச்சல் காலம் தொடங்கும் முன்பே எழுதி வைத்தால், எந்த மாதம் எதை விற்பது என்று விவசாயியும் கணக்குப் போடலாம்.

மூன்றாவது நாகைக்கு உரியது. காங்கேசன்துறைத் தடத்தில் சிறு சரக்குக்கு அனுமதியும், அதற்கான சுங்க, தாவரச் சோதனை வசதியும் இங்கேயே வேண்டும். பெரிய கப்பலுக்குக் கோடிக்கணக்கில் ஆழப்படுத்தக் கேட்பதைவிட, இருக்கும் ஆழத்தில் போகக்கூடிய சரக்குக்கு வழி கேட்பது நடக்கக்கூடியது. தூத்துக்குடியும் சென்னையும் பெரிய சரக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பீர்கள். 2025 ஜனவரியில் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் ஒரு திருத்தம் வந்தது. ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கையை மாற்றும் முன் சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்க அது வழிசெய்கிறது. அரசு நினைத்தால் கேட்காமலும் மாற்றலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. இருந்தாலும் கேட்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரிய ஏற்றுமதியாளர் சங்கங்கள் தில்லியில் ஆள் வைத்து அந்த வாசலில் நிற்கின்றன. நெல் விளையும் டெல்டாவிலிருந்து அங்கே யார் நிற்கிறார்கள்?

இந்த ஊர் வணிகவியல் மாணவர்கள் அறிவிக்கைகளைப் படித்து, எளிய தமிழில் சுருக்கி, விவசாயச் சங்கத்துக்கும் வர்த்தக சங்கத்துக்கும் மாதந்தோறும் கொடுக்கலாம். இரு சங்கத்தாரும் உட்கார்ந்து கருத்து எழுதி அனுப்பலாம். அதற்குத் தபால் செலவுகூட இல்லை. இந்தக் கூட்டம் கலைவதற்குள் அந்த வேலைக்கு ஐந்து மாணவர்கள் பெயர் கொடுத்தால், நான் இங்கே வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேளுங்கள்.